ஐந்தாவது அருவியில் தண்ணீர் இல்லை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதைப் பார்க்கப் போனாலும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கத்தான் தெரிகிறது. விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகுட்டிகளை அரைத் தூக்கத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, காட்டு ரோட்டில் வளைந்து வளைந்து வாந்தியெடுத்தபடி வந்து சேருகிறார்கள். வந்ததும் அருவிக்கு முதுகைத் திருப்பி, கையை நீட்டி, போனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள். பின்னால் கொட்டுகிற தண்ணீரை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல்லைக் காட்டி முடிந்ததும் அடுத்த அருவி எங்கே என்று கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறுகிறார்கள். வீட்டுச் சுவரில் அருவிப் படம் ஒன்றை ஒட்டி அதற்கு முன்னால் நின்றிருந்தால் டீசலாவது மிஞ்சியிருக்கும்.

முதல் அருவியின் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வால்வுக்காரர் இப்படி நினைத்தார். நினைத்ததோடு விடவில்லை. பக்கத்தில் நின்ற குடும்பத்துக்குக் கேட்கும்படி வாய்விட்டும் சொன்னார். அந்தக் குடும்பம் நான்கடி தள்ளிப் போய் அதே வேலையைத் தொடர்ந்தது.

அவர் அருவியை அண்ணாந்து பார்த்தார். மேலே பாறை இடுக்கிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. கேட்பாரில்லை.

"எவன்டா இதைத் திறந்துவிட்டுட்டு வீட்டுக்குப் போனவன்?" என்றார்.

அவர் பார்த்த வேலை அப்படி. ஊர்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தெருத் தெருவாகப் போகும் குழாய்களைத் திறந்து மூடுகிற வேலை. தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி, இடுப்புயர இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். எதிர்ப்பக்கம் திருகினால் நின்றுபோகும். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. தெருப் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். ஆனால் அந்தச் சாவி கையில் இருந்த காலம் முழுக்க ஊரே அவரிடம் அன்பாகப் பேசியது. "அண்ணே, சாப்பிட்டீங்களா? முகம் வாடியிருக்கே" என்று ஆரம்பித்தவர்கள் எல்லாம் இன்னும் கொஞ்ச நேரம் திறந்துவைக்கச் சொல்லி முடித்தார்கள். யார் வீட்டிலும் அவர் ஒரு வாய் டீ குடித்ததில்லை. சொந்தத் தெருவுக்குக்கூட ஒரு குடம் அதிகம் விட்டதில்லை. பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை அதற்காகவே அவரோடு சண்டை பிடித்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சாவியை ஒப்படைத்துவிட்டு மறுநாள் அதே தெருக்களில் நடந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒரு ஈ காக்கை இல்லை. அன்றோடு அவருக்கு மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கை தீர்ந்துபோயிற்று. எவனாவது இனிக்க இனிக்கப் பேசினால் அவனுக்கு ஏதோ வேண்டும். எதுவும் வேண்டாதவன் இனிக்கப் பேசமாட்டான்.

ஆகவே போன வாரம் மகன் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "அப்பா, பாவம், நீங்க நல்ல இடம் ஒண்ணுகூடப் பாத்ததில்ல. காட்டு ரோட்டுல அஞ்சு அருவி இருக்காம். ஒரு நாள் போயிட்டு வரலாமா?" என்று கேட்டபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. மகன் தரைக்கு ஒட்டும் டைல்ஸ் கடையில் விற்பனை பார்க்கிறவன். எதைச் சொன்னாலும் தள்ளுபடி அறிவிக்கிற குரலில்தான் சொல்வான். மருமகள் அவனுக்குப் பின்னால் நின்று, "ஆமா மாமா, காத்து நல்லா இருக்கும்" என்றாள். காற்றுக்காக ஒருத்தரும் இவ்வளவு பாடுபடுவதில்லை.

விஷயம் இவ்வளவுதான். அவருடைய மகளுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள்.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். முதல் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். போகிற போக்கில் வீட்டு மிக்சியையும் தூக்கிக்கொண்டு போனான். அவனைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தவர் சாட்சாத் வால்வுக்காரரேதான். அந்த ஒருத்தனிடம் மட்டும் ஏமாந்தார். அப்பேர்ப்பட்ட வாய் அவனுக்கு. "மாமா, நீங்க ஏன் எழுந்திரிக்கிறீங்க, நான் எடுத்துட்டு வரேன்" என்று நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவருவான்.

இப்போது பேச்சில் இருப்பவன் 'டிராவல்ஸ்' நடத்துகிறானாம். மகளுக்குப் பிடித்திருக்கிறதாம். ஆனால் அவள் ஒரே பிடியாக நின்றாள். அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேண்டாம், இப்படியே இருந்துவிடுகிறேன் என்றாள். வால்வுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, ஆளைப் பார்க்கவும் சம்மதிக்கவில்லை. "பாக்க என்ன இருக்கு? மூக்கு முன்னால இருக்கும், முதுகு பின்னால இருக்கும்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்.

டிராவல்ஸ் என்றதும் அவர் மனதில் ஒரு கண்ணாடி அறை விரிந்தது. உள்ளே ஏ.சி. மேஜைக்குப் பின்னால் கையில் தங்கச் சங்கிலி போட்ட ஒருத்தன். வாசலில் வரிசையாகப் பேருந்துகள். உண்மையில் அந்த டிராவல்ஸ் ஒரே ஒரு வேன்தான். அதை நடத்துகிறவன், ஓட்டுகிறவன், கழுவுகிறவன் எல்லாம் ஒரே ஆள். அந்த ஆள்தான் அன்று காலையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறான் என்பது வேனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், வால்வுக்காரரைத் தவிர.

முதல் அருவியில் மெதுவாகச் சொல்லிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று வால்வுக்காரரை முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஊர் எல்லை தாண்டியதுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்ப்பா, நீ வண்டிக்காரன். நாலு இடம் சுத்தறவன். இந்த டிராவல்ஸ் நடத்தறவனுங்க எப்படி?"

டிரைவர் கியரை மாற்றினான். நாற்பது வயதிருக்கும். காதோரம் நரைத்திருந்தது. "பலவிதமா இருப்பாங்க, ஐயா."

"பலவிதமெல்லாம் இல்ல. ஒரே விதம். திருட்டுப்பய விதம்."

பின்சீட்டில் மகனுக்கு இருமல் வந்தது.

"என் பொண்ணுக்கு அப்படி ஒருத்தனைப் பாத்து வச்சிருக்காங்க. அவனை எனக்குக் காட்டறதுக்குத்தான் இன்னிக்கு இந்த ஊர்வலம். வழியில ஏதோ ஒரு அருவியில நிக்க வச்சிருப்பாங்க. சும்மா வந்த மாதிரி வருவான் பாரு. அடடே நீங்களான்னு ஆச்சரியப்படுவான்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"போடா உன் வேலையப் பாத்துக்கிட்டுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்."

"சரி" என்று டிரைவர் வளைவில் ஹாரன் அடித்தான்.

"அப்பா, வெளிய பாருங்க, எவ்வளவு பச்சை" என்றான் மகன் பின்னாலிருந்து.

"பச்சையா இல்லாம காடு சிவப்பாவா இருக்கும்?"

அவர் வசதியாகச் சாய்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் தூக்கி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். டிரைவர் ஒருமுறை காலைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்.

"காலை எடுங்க, ஐயா. அந்தப் பக்கக் கண்ணாடி எனக்குத் தெரியல."

பின்னால் மருமகள் மகனைக் கிள்ளியது மகனுடைய முகத்தில் தெரிந்தது. வால்வுக்காரர் காலை எடுத்தார். கோபம் வரவில்லை. இவனுக்கு என்னிடம் எதுவும் வேண்டாம் போலிருக்கிறதே என்று நினைத்தார். நெடுநாளைக்குப் பிறகு ஒரு மனிதன் தன்னிடம் மரியாதையாகப் பேசியது போல் இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. முதல் அருவி வருமுன் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான்: "கடைசி அருவியில இப்ப தண்ணி இருக்காது. வெயில் காலத்துல காஞ்சிடும். போறது வீண். நாலோட திரும்பிடலாம்."

"அதெல்லாம் இருக்கும், இருக்கும்" என்றான் மகன் அவசரமாக, தன் கடையின் குரலில்.

"இருக்காது."

"இல்லாட்டியும் பரவாயில்ல. போகணும்" என்றாள் மகள். அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

டீசலை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான் என்றுதான் வால்வுக்காரர் முதலில் நினைத்தார். வேறு எதை நினைப்பார்?

முதல் அருவியில் அவருடைய முகத்தைப் பார்த்த மகனுக்கு வாய் வரவில்லை. இரண்டாவதில் சொல்லலாம் என்று மருமகளிடம் கண்ணால் சொன்னான்.

இரண்டாவது அருவி முழுக்கக் கடைகள். பிளாஸ்டிக் தொப்பி, பிளாஸ்டிக் கண்ணாடி, பிளாஸ்டிக் பூ. காட்டைப் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டில் இல்லாத அத்தனையும் விற்றார்கள். மருமகள் ஒரு தொப்பி வாங்கி, அதைத் தலையில் இப்படி வைத்து ஒன்று, அப்படி வைத்து ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டாள். வால்வுக்காரர் அருவியைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்ற ஆண்களை ஒவ்வொருத்தனாக அளந்துகொண்டிருந்தார். டிராவல்ஸ்காரன் இங்கேதான் எங்கேயோ நிற்கிறான்.

கிடைத்துவிட்டான். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை, கையில் தங்கச் சங்கிலி. பாசி பிடித்த படியில் அவர் காலை வைத்ததும், "பாத்து வாங்கப்பா, வழுக்கும்" என்று ஓடிவந்து கையைக் கொடுத்தான். அப்பாவாம். அதற்குள் அப்பா.

வால்வுக்காரர் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"என்ன தொழில் பண்றே?"

"பிசினஸ்தாங்க" என்று சிரித்தான் அவன்.

"வண்டி வாகனம் இருக்கா?"

"உங்க ஆசீர்வாதத்துல ரெண்டு மூணு ஓடுது."

"இதோ பாரு. என் பொண்ணு உனக்குக் கிடையாது. நான் சாகறவரைக்கும் கிடையாது. செத்தப்புறம் வந்து கேளு."

கறுப்புக் கண்ணாடி கழன்றது. கீழேயிருந்து ஒரு பெண்மணி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு, விறுவிறுவென்று ஏறி வந்தாள். "எந்தப் பொண்ணு? யாரைக் கேட்டீங்க?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். அவன் வால்வுக்காரரைக் காட்டினான், வானத்தைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவள் எதையும் ஏற்கிற மாதிரி தெரியவில்லை. அருவிச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் கேட்டது. அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு அதற்கு மேல் அருவி ருசித்திருக்காது.

மகன் ஓடிவந்து, ஆளாளுக்குக் கும்பிடு போட்டு, அப்பாவை இழுத்துக்கொண்டு வேனுக்கு வந்தான்.

"என்னப்பா இப்படிப் பண்றீங்க?"

"அவன் இல்லேன்னா என்ன? அவன் மாதிரி ஒருத்தன்தானே" என்றார் வால்வுக்காரர்.

டிரைவர் எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான். ஆனால் அவன் தாடை ஒருமுறை துடித்ததையும், சிரிப்பை மென்று விழுங்கினதையும் வால்வுக்காரர் பார்த்துவிட்டார். விவரமான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது அருவியில் குளிக்கலாம். குளித்தார்கள் என்றா சொல்வது. தொந்தியும் தொப்பையுமாக ஆம்பிளைகள் தண்ணீருக்கடியில் நின்று, யாரோ அடிப்பது போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வாளித் தண்ணீர் ஆறிப்போனால் பெண்டாட்டியை வைகிறவர்கள். ஒருத்தன் வாய் நிறையத் தண்ணீர் பிடித்து இன்னொருத்தன் மேல் கொப்பளித்தான். அதை மூன்றாமவன் படம் எடுத்தான். இந்த ஜென்மங்களுக்கா நாம் தெருத் தெருவாக வெயிலில் போய்த் திறந்துவிட்டோம் என்று வால்வுக்காரருக்கு வயிறு எரிந்தது.

மரத்தடியில் விரிப்பை விரித்து, ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்தார்கள். மருமகள் ஒரு முட்டையை உரித்து, உப்பு தூவி, "மாமா, மஞ்சக்கரு உங்களுக்குப் பிடிக்குமே" என்று நீட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவருக்கு முட்டை உரித்ததில்லை. அவர் உரிக்காத முட்டையாக ஒன்றை எடுத்துக்கொண்டு, ரொட்டியோடு எழுந்து வேன் பக்கம் போனார். டிரைவர் பின்கதவைத் திறந்து போட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வால்வுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முட்டையைத் தட்டினார்.

"கல்யாணம் ஆச்சா?"

"இல்லை."

"ஏன்?"

"தங்கச்சிங்க இருந்தாங்க. அவங்களுக்குப் பண்ணி முடிக்கறதுக்குள்ள வயசாயிடுச்சு."

"நல்லது. அப்படியே இரு. நிம்மதி."

டிரைவர் ரொட்டியை மென்று விழுங்கினான். "இப்ப ஒரு இடத்துல கேட்டிருக்கேன்."

"கெட்டே போ. பொண்ணு என்ன சொல்லுது?"

"பொண்ணு சரின்னுதான் சொல்றாங்க. அவங்க அப்பாதான் பிடி குடுக்க மாட்டேங்கறாரு."

"கிழடுங்க இருக்கே, எல்லாம் அப்படித்தான். தானும் வாழாது, அடுத்தவனையும் வாழ விடாது." வால்வுக்காரர் முட்டையைக் கடித்தார். "நீ என்ன பண்ணினே?"

"என்ன பண்றதுன்னு தெரியல."

"ஆள் வச்சுப் பேசாதே. கொல்லைப்புறமா வராதே. நேரா போய் முன்னால நில்லு. இன்னார் நான், இன்னது கேக்க வந்தேன்னு சொல்லு. வெரட்டினா வெரட்டட்டும். கடிச்சா தின்னுடப் போறாரு?"

"அப்படியா சொல்றீங்க?"

"வேற எப்படிச் சொல்றது?"

டிரைவர் கை கழுவ எழுந்து போனான். மரத்தடியில் மகன், மருமகள், மகள் மூன்று பேரும் ரொட்டியைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வால்வுக்காரர் உரக்கச் சொன்னார்: "இந்த ஆள்கிட்ட ஒரு மணி நேரம் பேசலாம். உங்ககிட்ட ஒரு நிமிஷம் முடியாது. வளவளன்னு இல்ல. குழையறது இல்ல. மனுஷன்னா இப்படி இருக்கணும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தார். இல்லை, சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத சிரிப்பு எதுவும் அவருக்குப் பிடிக்காது.

நான்காவது அருவி எதிர் மலையில் இருந்தது. ரோட்டோரம் மேடை கட்டி, பெரிய இரும்புத் தூரக்கண்ணாடி வைத்திருந்தார்கள். காசு போட்டால் தெரியும். கொஞ்ச நேரம் போனதும் டக்கென்று மூடிக்கொள்ளும். வால்வுக்காரர் ஒன்றும் பார்க்காமலே அதற்கு மட்டும் தலையாட்டினார். "இது ஒண்ணுதான் இந்தக் காட்டுல ஒழுங்கு. நேரம் முடிஞ்சா மூடு."

அங்கேயும் ஒருத்தரும் வந்து, அடடே நீங்களா என்று கேட்கவில்லை. மகன் அவர் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, "அப்பா, அந்த மாப்பிள்ளை விஷயமா..." என்று தொடங்கினான். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "...அப்புறமா பேசலாம்" என்று அவன் முடித்துக்கொண்டான். டைல்ஸ் விற்கிற வாய், வீட்டில் மட்டும் திறக்காது.

ஐந்தாவதுக்கு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை. சருகு மிதிபடுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அருவிச் சத்தமும் இல்லை. டிரைவரும் இந்த முறை கூடவே வந்தான்.

மரங்கள் விலகின. கறுத்த பாறைச் சுவர் ஒன்று வெயிலில் நெடுக நின்றது. தண்ணீர் வழிந்த இடம் மட்டும் வெளுத்துப்போன கோடாகத் தெரிந்தது. கீழே ஒரு குட்டை. அதில் பாட்டில்கள் மிதந்தன. மேலேயிருந்து ஒரு சொட்டு, மறுபடி ஒரு சொட்டு.

மருமகள் போனை எடுத்தாள். எந்தப் பக்கம் முதுகைக் காட்டுவது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்தாள். மகன் இடுப்பில் கைவைத்து நின்றான். வால்வுக்காரர் மட்டும் பாறையை அண்ணாந்து பார்த்து, அன்று முதல்முறையாகச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"இப்பத்தாண்டா ஒருத்தன் வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருக்கான்."

சிரித்து ஓய்ந்ததும் அவருக்கு இன்னொன்று உறைத்தது. இதுதான் கடைசி. இதற்கு மேல் அருவி இல்லை. சுற்றிலும் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை.

"என்னடா, உங்க டிராவல்ஸ்காரன் வரலியா?" என்று மகனைக் கேட்டார். "அஞ்சு அருவி பாத்தாச்சு. அஞ்சுலயும் காணோம். கெழவன் மூஞ்சியப் பாக்கவே நடுங்கறவன், நாளைக்கு என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா எங்க போய் ஒளிஞ்சுக்குவான்? கேட்டுக்க, டிரைவர். இதான் அவன் லட்சணம். வரேன்னு சொல்லிட்டு வராதவன்."

டிரைவர் இரண்டடி முன்னால் வந்து, அவருக்கு நேர் எதிரே நின்றான்.

"வந்திருக்கான், ஐயா. காலையிலேருந்து உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கான். இன்னார் நான், இன்னது கேக்க வந்தேன்னு நேரா நின்னு சொல்லச் சொன்னீங்க. அதான் நிக்கறேன். உங்க பொண்ணைக் கேக்க வந்தேன்."

ஒரு சொட்டு குட்டையில் விழுந்தது.

வால்வுக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மருமகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றான் மகன். "இதுல ஒரு நல்ல பக்கம் என்னன்னா..."

"டைல்ஸ் விக்காதே."

வால்வுக்காரரின் மூளைக்குள் அன்றைய நாள் பின்னோக்கி ஓடியது. திருட்டுப்பய விதம். போடா உன் வேலையப் பாத்துக்கிட்டு. அவித்த முட்டை. கிழடுங்க எல்லாம் அப்படித்தான். காதெல்லாம் சூடாகிவிட்டது. தன்னைத் தானே திட்டிக்கொள்ள வைத்து, அதற்கு முட்டையும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் அவ்வளவு சுலபத்தில் விழுகிற ஆளில்லை. சற்று நேரத்தில் ஒரு பிடி கிடைத்துவிட்டது.

"புரிஞ்சுபோச்சு" என்றார். "இனிக்கப் பேசறவனை எனக்கு ஆகாதுன்னு இவ சொல்லிக் குடுத்திருக்கா. அதனாலதான் காலை எடுங்கன்னே. அதனாலதான் தண்ணி இருக்காதுன்னே. நல்லாத்தான் நடிக்கறே."

"இனிக்கப் பேசச் சொல்லித்தான் சொன்னாங்க" என்றான் டிரைவர். "எனக்கு வரல."

"இதையும் சொல்லிக் குடுத்திருப்பா."

"அப்பா" என்றாள் மகள். குரல் உயரவில்லை. மருந்துக்கடையில் வேளைக்கு எத்தனை மாத்திரை என்று சொல்கிற அதே குரல். "நல்லவரா இருந்தா நடிக்கறாருன்றீங்க. கெட்டவரா இருந்தா பாத்தியா நான் அப்பவே சொன்னேன்றீங்க. அவரு எப்படித்தான்ப்பா இருக்கணும்?"

"அது அவன் பாடு."

"மனுஷன்னா இப்படி இருக்கணும்னு மத்தியானம் நீங்கதானே சொன்னீங்க?"

"டிரைவரா இருக்கும்போது சொன்னேன்."

"இப்ப மட்டும் அவரு யாரு?"

பதில் இல்லாதபோது அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். வேறு பக்கம் தாக்கினார். "இந்த வறண்ட பாறையைப் பாக்கத்தான் வரணும்னு அடம் பிடிச்சியா? இதுல என்ன இருக்கு?"

மகள் குட்டையைப் பார்த்தாள். "போன வருஷம் கடையில எல்லாரும் இவரு வண்டியிலதான் இங்க வந்தோம். அப்ப தண்ணி கொட்டிக்கிட்டு இருந்தது. என் செருப்பு ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கடை முதலாளி, கூட வேலை பாக்கறவங்க, எல்லாரும் எடுத்துடலாம், கவலைப்படாதேன்னு கரையில நின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இவரு ஒருத்தர்தான், 'அது போயிடுச்சு, வராது, இன்னொண்ணையும் கழட்டிட்டு வாங்க'ன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவன் என்னை விட்டுட்டுப் போனப்போ நீங்க எல்லாரும் வந்துடுவான், வந்துடுவான்னே சொல்லிக்கிட்டிருந்தீங்க, அப்பா. ஒருத்தராவது போயிட்டான், வரமாட்டான்னு சொல்லலை."

"அந்தப் பயலும் நான் நம்பினவன்தான்" என்றார் வால்வுக்காரர். "அதனாலதான் சொல்றேன். ஒரு நாள் உண்மை பேசறது ஒரு பெரிய வித்தையா? ஒரு தண்ணி கனெக்‌ஷன் கிடைக்கறவரைக்கும் வருஷக்கணக்கா யோக்கியனா இருந்தவனையெல்லாம் நான் பாத்திருக்கேன்."

"சரி, ஐயா" என்றான் டிரைவர். "நம்பாதீங்க."

வால்வுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கெஞ்சுவான், காலைத் தொடுவான், சத்தியம் செய்வான் என்று தயாராக நின்றிருந்தார். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார்.

மகள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. அவர் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்தக் காலத்தில் எவள் அப்பன் வாயைப் பார்த்து நிற்கிறாள்? இவளும் ஊரைப் போல் இஷ்டத்துக்குப் போயிருந்தால் அவர் உட்கார்ந்து திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் அல்லவா கொடுத்துவிட்டு நிற்கிறாள்.

"இதோ பாரு" என்றார் கடைசியில், அவளைப் பார்க்காமல் பாறையைப் பார்த்து. "கல்யாணத்துக்கு வருவேன். முன் வரிசையில உக்காருவேன். கையெழுத்துப் போடச் சொன்னா போடறேன், எழுத்துக்கூட்டித்தான் போடணும், நேரமாகும். பண்ணிக்க. ஆனா நம்பறேன்னு மட்டும் என் வாயில வரவழைக்கப் பாக்காதே. வராது."

"அது போதும்ப்பா."

"என்ன போதும்? இவ்வளவு சுலபமா போதும்கறே? இப்படித்தான் எல்லாத்தையும் போதும் போதும்னு..." அவர் முடிக்கவில்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள். இந்த முறை சிரிப்பில்லை. மருமகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். மகன் டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான், ஒரு வீட்டுக்கு முழுத் தரையையும் விற்றுவிட்டவன் போல. அப்புறம் நால்வரும் சேர்ந்து நின்றார்கள். மருமகள் போனை எடுத்துக் கையை நீட்டினாள். வறண்டுபோன பாறைக்கு நால்வரும் முதுகைத் திருப்பினார்கள்.

"மாமா, நீங்களும் வாங்க."

வால்வுக்காரர் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். சருகுப் பாதையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார். வேன் கதவு திறந்துதான் இருந்தது. ஏறவில்லை. அதைத் தாண்டி, வந்த வழியே கீழ்நோக்கி நடந்தார். இந்தக் கூட்டத்தோடு ஒரே வண்டியில் உட்கார்ந்து அவர்களுடைய சந்தோஷத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு வர இப்போதைக்கு அவரால் முடியாது. கல்யாணம் முடியட்டும். ஒரு வருஷம் போகட்டும். அப்போது தெரியும் இவன் யாரென்று. வீட்டில் மிக்சி இருக்கிறதா என்று அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. நெருங்கி வந்தது. வந்தவன் முந்திப் போகவில்லை. நடை வேகத்திலேயே பின்னால் ஊர்ந்து வந்தான். இப்போது ஹாரன் அடிப்பான், அடித்தால் திரும்பி ஒன்று கேட்கலாம் என்று வால்வுக்காரர் நாக்கில் ஒரு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டார்.

ஹாரன் அடிக்கவில்லை. ஒரு வளைவு போயிற்று. இன்னொரு வளைவும் போயிற்று. அடிக்காமல் வருவதும் ஒரு தந்திரம்தான் என்று நினைத்துக்கொண்டு, அவர் ஓரத்திலிருந்து ரோட்டின் நடுவுக்கு வந்து நடந்தார்.